திரும்ப எடுக்க முடியாத வசதி

அந்த மருத்துவமனையில் அவரை எல்லோரும் மெஷினக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய டாக்டரிலிருந்து மாடிப்படி துடைக்கிறவர் வரைக்கும் அதே பெயர்தான். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன், அண்ணியோடு ஒரு மாடி வீட்டில் இருந்தார். காலையில் பஸ் பிடித்து வேலைக்கு வருவார், சாயங்காலம் பஸ் பிடித்துப் போவார். இடைப்பட்ட நேரமெல்லாம் சர்வர் அறையில்.

அது முன்னொரு காலத்தில் படுக்கை விரிப்புகளை அடுக்கிவைத்த அறை. இரும்புச் சட்டத்தில் மெஷின்கள் ஏறி உட்கார்ந்து வருடங்கள் ஆன பிறகும் சோப்பு வாசனை முழுதாகப் போகவில்லை. ஏசி ஓயாமல் ஓடும். கோடையிலும் அக்கா உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருப்பார். வெளியே வரும்போது அதைக் கழற்ற மறந்து, வராந்தாவில் வியர்த்து நிற்பார்.

அவர் பார்த்துக்கொண்டது குரல் பிரிவின் மெஷின்களை. தொண்டையில் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள், நரம்பு நோயால் நாக்கு கொஞ்சம் கொஞ்சமாக மடங்கிப்போகிறவர்கள், இவர்கள் குரல் போவதற்கு முன்னால் அங்கே வருவார்கள். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து, எழுதிக் கொடுத்த வாக்கியங்களைப் பல நாள் வந்து வாசிப்பார்கள். பிறகு குரல் போனதும், அந்தப் பதிவுகளை வைத்துக் கைக்கு அடக்கமான ஒரு பெட்டியை அவர்கள் குரலிலேயே பேசவைப்பார்கள். எழுத்தைத் தட்டினால் பெட்டி பேசும். வாசிக்கவைப்பது பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாள்; அவருக்குப் பேச்சு மேடம் என்று பெயர். பதிவு செய்து சுத்தம் பண்ணுவது, கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்து இங்கே வந்து சேர்ந்த ஒரு நடுத்தர வயதுக்காரர், அவர் சவுண்ட்காரர். பதிந்ததைப் பத்திரமாக வைத்திருப்பது மெஷினக்கா.

அக்காவின் அண்ணனும் அந்தப் பஞ்சு அறையில் உட்கார்ந்து வாசித்தவர்தான். பஸ் கண்டக்டர். ஊரையே தொண்டையால் இறக்கி ஏற்றியவர். குரல்வளையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, "அப்ப டிக்கெட்ட எப்படிக் கேக்கறது?" என்றுதான் முதலில் கேட்டார். இப்போது பெட்டி பேசுகிறது. குரல் அவருடையதேதான், கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி. "பாப்பா, குடைய எடுத்துக்கோ" என்று காலையில் பெட்டி சொல்லும்போது அக்காவுக்குத் தன் வேலையின் மேல் ஒரு கர்வம் வரும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

சங்கடம் டிஸ்க்கில் இடம் போதாமல் போனதில் ஆரம்பித்தது. ஒவ்வொரு நோயாளியின் பதிவும் மூன்று உருவில் இருந்தது: பதிந்தபடி ஒன்று, சத்தம் நீக்கியது ஒன்று, பெட்டிக்குப் பழக்கிக் கொடுப்பதற்கு ஒன்று. டிஸ்க்குகள் நிரம்பிக்கொண்டே வந்தன. அக்கா மேலாளரிடம் போய் நின்றார். மேலாளர் கெட்டவர் இல்லை. கேட்டது எதையும் இல்லை என்று சொல்ல மாட்டார், கொடுக்கவும் மாட்டார்.

"இருக்கறத வச்சு ஓட்டுங்கக்கா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க சார்."

"அப்ப நான் வார்த்தை மாறலன்னு தெரியுதில்ல."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டால் அப்புறம் சண்டை போட முடியாது.

சர்வரின் மென்பொருளை அதற்கு முந்தின வருடமே புதுப்பித்திருந்தார். ஆனால் டிஸ்க்குகளில் கோப்புகளை அடுக்கிவைக்கும் அமைப்பு பழைய முறையிலேயே இருந்தது. அதன் நலத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் திரையில் ஒரே செய்தி வரும்: சில புதிய வசதிகள் இயக்கப்படாமல் இருக்கின்றன, விரும்பினால் இயக்கலாம், இயக்கிய பிறகு பழைய மென்பொருளால் இந்த டிஸ்க்குகளைப் படிக்க முடியாது, திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் முடியாது. வெகுநாளாக அக்கா அதைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுச் சண்டையைக் கடந்து போகிற மாதிரி கடந்து போய்க்கொண்டிருந்தார்.

அந்தப் புது வசதிகளில் ஒன்று, காப்பி எடுத்தால் இடம் பிடிக்காதது. ஒரு கோப்பை இன்னோர் இடத்துக்குப் பிரதி எடுக்கச் சொன்னால், மெஷின் அதை மறுபடி எழுதாது. 'அங்கே இருப்பதுதான் இங்கேயும்' என்று குறித்துக்கொள்ளும். மூன்று உருவிலும் ஒரே மாதிரி இருக்கும் பகுதிகளுக்கு ஒரு பங்கு இடம் போதும். அதைப் படித்துப் பார்த்த நாளிலிருந்து அக்காவுக்கு அந்த நினைப்பாகவே இருந்தது.

அவசரப்படவில்லை அவர். அதைச் சொல்லிவிட வேண்டும். மூலையில் கிடந்த பழைய மெஷின் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, கொஞ்சம் பதிவுகளை அதில் போட்டு, வசதியை இயக்கிப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. பேக்கப் எடுக்கும் மெஷினால் புது முறையைப் படிக்க முடியாமல் போய்விடக் கூடாதே என்று அதற்கும் முதலில் புது மென்பொருளைப் போட்டார். பேச்சு மேடத்திடமும் சொன்னார்.

"ஒரு வாட்டி போட்டா திரும்ப எடுக்க முடியாது மேடம். அதான் யோசிக்கிறேன்."

"பச்சை குத்திக்கிற மாதிரியா?"

"அத விட மோசம். பச்சைய மறைக்கவாவது முழுக்கை சட்டை இருக்கு."

"உங்களுக்கு நம்பிக்கை இருந்தா போடுங்க. எனக்கு இதுல என்ன தெரியும்? நீங்க சொன்னா சரிதான்."

இந்தக் கடைசி வாக்கியம் பிற்பாடு அக்காவின் காதில் வெகுகாலம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு காலை வேளையில், டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, வசதியை இயக்கும் கட்டளையைத் தட்டினார். ஒரு வரிதான். எண்டரை அழுத்தி விரலை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. இவ்வளவு பயந்ததற்கு ஒரு சத்தமாவது வந்திருக்கலாம் என்று தோன்றியது அவருக்கு. பிறகு அடுத்த வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு பதிவையும் புதிய வடிவத்துக்கு மாற்றி எழுதி, எழுதின கையோடு புது இடத்துக்குக் காப்பி எடுத்து, அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பழையதை அழிக்க வேண்டும். இதைத் தானாகச் செய்ய ஒரு சின்ன நிரல் எழுதி ஓடவிட்டார். அது சில நாட்கள் ஓடியது. முடிந்ததும் எண்ணிக்கையைச் சரிபார்த்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பதிவுகளைத் திறந்து கேட்டார். முதல் வாக்கியம் தெளிவாகக் கேட்டதும் மூடிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

பாதி டிஸ்க் காலியாகிவிட்டது. பைசா செலவில்லாமல் நடந்தது என்று மேலாளர் கூட்டத்தில் எழுந்து சொன்னார். சவுண்ட்காரர், "அக்கா, எங்க வீட்டு அலமாரிக்கும் இந்த வசதியப் போட்டு விடுங்க" என்றார். அந்தச் சில மாதங்கள் அக்காவுக்கு நல்லபடியாகப் போயின. பேக்கப் மெஷினில் பழைய நிலையின் பிரதி சில வாரங்களுக்கு இருந்து, வழக்கம்போலத் தானாகவே அழிந்து, புதியதற்கு இடம்விட்டது. அப்படித்தான் அவர் அமைத்திருந்தார். எல்லா இடத்திலும் அப்படித்தான் அமைப்பார்கள்.

கணக்கு டீச்சர் ஒருவர் அங்கே நோயாளியாக வந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதுக்குள்தான். கைகால் சோர்ந்து, பேச்சு குழறி, கடைசியில் நின்றேபோகும் நோய். குரல் கெடும் முன்பே வந்துவிட்டதால், நிறைய வாசித்திருந்தார். வகுப்பில் நின்று பழகிய குரல். கடைசி பெஞ்சு வரை போகும். வாக்கியங்களில் பிழை இருந்தால் நிறுத்தித் திருத்துவார், அதற்காகவே பேச்சு மேடத்துக்கு அவரைப் பிடிக்கும். இப்போது பேச்சு அடியோடு நின்றுவிட்டது. பெட்டியைத் தயார் பண்ணச் சொல்லி டீச்சரின் கணவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர் பூட்டுத் திறக்கிறவர், சாவி வெட்டுகிறவர்.

சவுண்ட்காரர் பதிவுகளைத் திறந்து வேலையை ஆரம்பித்தார். மத்தியானம் சர்வர் அறைக் கதவைத் தட்டினார்.

"அக்கா, டீச்சரோட ஃபைல்ல ஏதோ ஓட்ட இருக்கு. நடுவுல நடுவுல சத்தமே இல்ல."

"மைக் விட்டுப் போயிருக்கும்."

"மைக் விட்டா இரைச்சலாவது இருக்கும்க்கா. இதுல ஒண்ணுமே இல்ல. கோடு போட்ட மாதிரி இருக்கு."

அக்கா போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டார். 'கதவ சாத்திட்டு' என்றது டீச்சரின் குரல். பிறகு எதுவும் இல்லை. அறையின் சத்தம்கூட இல்லை. மறுபடி, 'வந்தா போதும்' என்று வந்தது. கோப்பின் அளவு சரியாக இருந்தது. உள்ளே பார்த்தார். அந்த இடங்களில் வெறும் பூஜ்யங்கள், வரிசை வரிசையாக. டிஸ்க்குகளின் நலத்தைச் சோதிக்கச் சொன்னார். பிழை எதுவும் இல்லை என்று மெஷின் சொன்னது. அதன் கணக்கில் பூஜ்யம் எழுதச் சொன்னார்கள், எழுதியது, எழுதியது அப்படியே இருக்கிறது.

அடுத்த நோயாளியின் கோப்பைத் திறந்தார். நன்றாக இருந்தது. அதற்கடுத்ததில் ஓட்டை. பேக்கப்பில் தேடினார். அங்கேயும் அதே ஓட்டைகள், அதே இடங்களில், மிகவும் விசுவாசமாக.

என்ன நடந்தது என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. புது வசதியில் ஒரு கோளாறு. இப்போதுதான் எழுதி முடித்த கோப்பை, அது டிஸ்க்கில் முழுதாகப் போய்ச் சேருவதற்கு முன்பே காப்பி எடுத்தால், சில சமயம் மெஷின் அங்கே எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டு வெறுமையைக் காப்பி எடுத்துவிடும். எப்போதாவதுதான் நடக்கும். பழைய மெஷினில் அவர் கொஞ்சம் கோப்புகளை வைத்துச் சோதித்தபோது நடக்கவில்லை. நிறையக் கோப்புகளை வேகமாக மாற்றி, எழுதின கையோடு காப்பி எடுத்தபோது நடந்திருக்கிறது. வேறு ஊர்களிலும் சிலருக்கு இப்படி ஆகியிருந்தது, திருத்தமும் வந்துவிட்டிருந்தது. திருத்தத்தைப் போட்டால் இனிமேல் ஓட்டை விழாது. விழுந்த ஓட்டை விழுந்ததுதான்.

அக்கா ஸ்வெட்டரோடு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அழிக்கச் சொன்னது அவர் எழுதிய நிரல். அழித்ததற்குப் பிறகு முதல் வாக்கியத்தைக் கேட்டுவிட்டு மூடியது அவர் கை. இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டிருந்தால். நாலே நாலு கோப்பை முழுதாகக் கேட்டிருந்தால். பழைய பேக்கப் அழிந்துபோவதற்குள் கேட்டிருந்தால். இதே மூன்று வாக்கியங்களை மனம் சுற்றிச் சுற்றி வந்தது.

பேச்சு மேடத்திடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எத்தனை பேருது?" என்றார்.

"பாத்துட்டு இருக்கேன். பாதிக்கு மேல."

"அதுல உசிரோட இருக்கறவங்க?"



மேலாளர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டுக்கொண்டார். அவருக்கும் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் சீக்கிரமே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"டீச்சர் கேசுக்கு, பதியறப்பவே குரல் தேறலன்னு சொல்லிடலாமே. நோயாளிதானே, யாரு சந்தேகப்படப் போறா?"

"சார், அந்தம்மா நல்லா வாசிச்சாங்க. திருத்தித் திருத்தி வாசிச்சாங்க. அவங்க சரியா பேசலன்னு அவங்ககிட்டயே சொல்லணுமா?"

"பின்ன என்ன சொல்லப் போறீங்க?"

"நான் அழிச்சிட்டேன்னு சொல்லப் போறேன்."

"மெஷின் கோளாறுன்னாவது சொல்லுங்க."

"கோளாறு மெஷினோடது. நம்பினது நானு."

மறுநாள் அக்காவும் பேச்சு மேடமும் டீச்சர் வீட்டுக்குப் போனார்கள். கீழ்த்தளத்தில் இரண்டு அறை வீடு. வாசல் அறையே பூட்டுக்கடையாக இருந்தது. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் ஆணியில் தொங்கின. உள்ளே டீச்சர் சாய்வு நாற்காலியில் இருந்தார். பேச்சு போன பிறகு, எழுத்துகள் எழுதிய கண்ணாடித் தட்டு ஒன்றைக் கணவர் டீச்சரின் முகத்துக்கு நேராகப் பிடிப்பார். டீச்சர் கண்ணால் எழுத்தெழுத்தாகக் காட்டுவார். அவர் கூட்டிப் படிப்பார்.

பெட்டியைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கணவர் அவசரமாக மேசையில் கிடந்ததை ஒதுக்கி இடம் பண்ணினார்.

அக்கா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தொழில் வார்த்தை எதையும் போடாமல் சொல்ல முயன்றார்: இடம் மிச்சம் பிடிக்கப் போனேன், காப்பி எடுத்ததில் ஓட்டை விழுந்தது, பார்க்காமல் மூலத்தை அழித்துவிட்டேன், திரும்பக் கிடைக்காது. சொல்லி முடிக்கும் வரை டீச்சரின் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதுதான் மரியாதை என்று நினைத்திருந்தார். முடிந்ததும் பார்க்க முடியவில்லை.

பூட்டுக்காரர் கத்தவில்லை. "காப்பி எடுத்தா, சரியா வந்திருக்கான்னு போட்டுப் பாக்க மாட்டீங்களா?" என்றார். "நான் ஒரு சாவி வெட்டுனா பூட்டுல போட்டுப் பாத்துட்டுத்தானே குடுக்கறேன்."

"பாத்திருக்கணும்."

"அவ மூச்சு வாங்க வாங்க வந்து வாசிச்சா. நான்தான் தாங்கிப் பிடிச்சுட்டு வந்து விட்டேன். பஸ்ஸுல எடம் கிடைக்காம நின்னுட்டு வந்திருக்கோம்."

"தெரியும்."

"தெரியும்னு சொல்லாதீங்க."

டீச்சர் கண்ணை அசைத்தார். பூட்டுக்காரர் தட்டை எடுத்துப் பிடித்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. 'மி', 'ச்', 'ச', 'ம்'. மிச்சம் எவ்வளவு என்று கேட்கிறார்.

அக்கா மிச்சத்தைக் கொண்டுவந்திருந்தார். கேட்பார்கள் என்று தோன்றியதால் போனில் போட்டு எடுத்து வந்தது. பேச்சு மேடம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஆனால் டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா போட்டார்.

'சாப்ட்டியா, இல்ல' என்றது அந்தத் தெளிவான குரல். பிறகு வெறுமை. 'நாளைக்கு மழை வந்தாலும் நான்.' வெறுமை. 'இந்தக் கணக்க மறுபடி.' அதற்குப் பின்னால் வந்த வெறுமை நீளமானது. வாசலில் யாரோ பூட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை.

டீச்சர் மறுபடி கண்ணை அசைத்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டார். இரண்டாவது தடவை பாதியில் பூட்டுக்காரர் எழுந்து வந்து, அக்காவின் கையிலிருந்து போனை வாங்கி, எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் தடவி, கடைசியில் அதைக் குப்புறத் திருப்பி மேசையில் வைத்து உள்ளங்கையால் மூடினார். கைக்கு அடியிலிருந்து மனைவியின் குரல் பேசிக்கொண்டிருந்தது. அக்காதான் நிறுத்தினார்.

தட்டில் டீச்சர் காட்டியதைப் பூட்டுக்காரர் கூட்டிப் படித்தார். "போதும். போங்க."

வெளியே வந்து பேச்சு மேடம் தெருவோரம் நின்று அழுதார். அக்காவுக்கு அழுகை வரவில்லை. பஸ்ஸில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி நடந்து வந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவருக்காகச் சொல்லும் வேலை. எந்தக் கோப்பில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க நிரல் எழுதினார், அது சுலபம். மிச்சம் இருக்கும் வார்த்தைகளில் எது உருப்படும் என்று கேட்டுப் பார்க்கத்தான் மனிதக் காது வேண்டியிருந்தது. அவரும் சவுண்ட்காரரும் ஆளுக்கொரு ஹெட்ஃபோனோடு உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டுவிட்டு அக்கா போன் பண்ணுவார். சிலர் திட்டினார்கள். திட்டியவர்களிடம் பேசுவது சுலபமாக இருந்தது. ஒரு மகன், "எங்கப்பா இருந்தப்பவே பாதிதான் பேசுவார். பாதி இருந்தா குடுங்க போதும்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, அப்புறம் சிரிப்பு நின்று, போனை வைத்துவிட்டார். இன்னும் அறுவை சிகிச்சை ஆகாமல் இருந்த ஒரு சிலரைத் திரும்ப வரவழைத்தார்கள். அவர்கள் வந்து வாசித்தார்கள். குரல் ஏற்கெனவே கரகரத்துப் போயிருந்தது. அதையே பதிந்து வைத்தார்கள்.

அக்கா வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னார். பேச்சு மேடம் அதற்கு ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை.

"நீங்க போனா எந்த ஓட்ட எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்? போகணும்னா முடிச்சுட்டுப் போங்க."

நியாயம்தான் என்று அக்கா உட்கார்ந்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரோடும் சேர்ந்து உட்காருவதை மட்டும் விட்டுவிட்டார். கேட்டபோது வராத புது டிஸ்க்குகள் இப்போது கேட்காமலே வந்திறங்கின. அட்டைப் பெட்டியைப் பிரிக்காமல் பல நாள் சுவரோரம் வைத்திருந்தார். டீச்சருக்குப் பொதுக் குரல் ஒன்றைப் போட்டுப் பெட்டி கொடுத்தார்கள். யாரோ ஒரு பெண்ணின் குரல், இனிமையானதுதான். டீச்சர் கண்ணால் காட்டுவதைக் கணவர் பெட்டியில் தட்டுவார். வீட்டுக்கு விருந்தாளி வந்து திரும்பிப் போகாத மாதிரி இருக்கிறது என்று பூட்டுக்காரர் பேச்சு மேடத்திடம் சொன்னாராம்.

வீட்டில் இதைவிடக் கஷ்டம். அண்ணனின் பதிவுகளை அக்கா முதல் வாரத்திலேயே தேடிப் பார்த்திருந்தார். ஓர் ஓட்டைகூட இல்லை. அவர் எதுவும் விசேஷமாகச் செய்யவில்லை. மெஷின் அந்தக் கோப்புகளைத் தொட்ட நேரம் அப்படி அமைந்திருந்தது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு அண்ணனின் பெட்டி பேசும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசியது. 'இந்தக் குரல் மட்டும் முழுசா இருக்கு' என்று யாரோ பின்னாலிருந்து பார்ப்பது போலிருந்தது. 'பாப்பா' என்று பெட்டி கூப்பிட்டால் திரும்புவதற்கு முன் கண்ணை ஒருமுறை மூடித் திறப்பார். அவருக்கே தெரியாமல் செய்தது அது.

பெட்டியின் பேச்சு எப்போது நின்றது என்று அக்கா கவனிக்கவில்லை. அண்ணன் கையைக் காட்டுவார், மேசையைத் தட்டுவார், தலையசைப்பார். அண்ணிதான் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னார்.

"உங்கண்ணன் பேசறதே இல்ல, தெரியுமா உனக்கு? பெட்டிய அலமாரில வச்சுட்டார்."

"ஏன், பழுதா? நான் பாக்கறேன்."

"பழுதெல்லாம் ஒண்ணும் இல்ல. நீ அதக் கேக்கறப்ப உன் மூஞ்சி போற போக்க அவரால பாக்க முடியலயாம். எழுதிக் காட்டினார்."

அக்கா அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அண்ணன் மடியில் வைத்தார். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசுண்ணா."

அவர் தலையை ஆட்டினார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. நீ பேசு. நீ பேசலன்னா எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு."

அண்ணன் வெகுநேரம் அவரைப் பார்த்தார். பிறகு பெட்டியை இயக்கி, தடித்த விரல்களால் மெதுவாகத் தட்டினார். "சரி பாப்பா" என்றது பெட்டி. அக்கா முகத்தை அசையாமல் வைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. அண்ணன் பெட்டியை அணைத்து, துணியில் சுற்றி, அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த வருடம் முடிவதற்குள் கணக்கு டீச்சர் இறந்துபோனார். கொஞ்ச நாள் கழித்துப் பூட்டுக்காரர் மருத்துவமனைக்கு வந்தார். ஓட்டை விழுந்த பதிவுகளையெல்லாம் கேட்க வேண்டும் என்றார். அக்கா அவரைப் பஞ்சு அறையில் உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, எதை அழுத்தினால் நிற்கும், எதை அழுத்தினால் ஓடும் என்று காட்டிவிட்டு வெளியே வந்துவிட்டார். அவர் நாள் முழுக்க உள்ளே இருந்தார். சாப்பிடப் போகவில்லை. சாயங்காலம் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது காதோரம் ஹெட்ஃபோன் அழுத்திய தடம் சிவந்திருந்தது.

"ஒரு எடத்துல வாசிக்கறத நிறுத்திட்டு என்னையக் கூப்பிடறா. 'இங்க வாங்க, இந்த ஃபேன நிறுத்துங்க, தலைவலிக்குது'ங்கறா. அது முழுசா இருக்கு. அத மட்டும் எனக்குப் போட்டுக் குடுங்க."

அக்கா அந்தத் துண்டை வெட்டி எடுத்து, அவருடைய போனில் ஏற்றினார். ஏற்றியதும் அங்கேயே முழுதாகப் போட்டுக் காட்டினார். கடைசி வரை கேட்ட பிறகுதான் போனை அவரிடம் கொடுத்தார்.

"உங்களை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க," என்றார் அவர். சண்டைக்குச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார்.

"இல்ல. நெனைக்கல."

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டு, பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு மாடிப்படி இறங்கினார்.

மெஷினக்கா இப்போதும் அதே அறையில்தான் இருக்கிறார். ஓட்டைகளைத் தேடும் வேலை முடிந்துவிட்டது. போகிறேன் என்று சொன்னதை அவரும் மறுபடி எடுக்கவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை. புதிதாகப் பதியும் ஒவ்வொரு குரலையும், காப்பி எடுத்த பிறகு, முதல் வாக்கியத்திலிருந்து கடைசி வாக்கியம் வரை உட்கார்ந்து கேட்கிறார். நிரலே பார்த்துச் சொல்லிவிடும், தேவையில்லை என்று சவுண்ட்காரர் சொல்லிப் பார்த்துவிட்டார்.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டு மாடிப்படி ஏறும்போது, சில நாட்களில் மேலேயிருந்து அண்ணனின் குரல் கேட்கும். அக்கா வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் அவர் அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்துக்கொள்கிறார். அண்ணியோடு ஏதோ வழக்கு, குழம்பில் உப்பு, பக்கத்து வீட்டுக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்தியது, யாரோ பழைய டிரைவரின் கதை. அண்ணி சிரிப்பதும் கேட்கும். அக்கா கதவுக்குக் கீழே நாலைந்து படி தள்ளி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மணியை அடித்தால் பேச்சு நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். அது தானாக ஓயும் வரை அங்கேயே இருப்பார்.